எல்லைக்கோட்டில் ஒரு மூக்கு

கோச்சடையில் பிலோமினாள் டீச்சர் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கும் வரைபடங்களை நம்பி யாரும் பயணம் கிளம்ப முடியாது. அவற்றில் உள்ள ஊர்களும் ஆறுகளும் உண்மையானவை. மாநிலங்கள்தான் எங்கும் கிடையாது. ஒன்றில் சென்னை, கேரளம், மைசூர் மூன்றும் ஒரே பச்சை நிறத்தில் இருக்கும். அது தட்சிணப் பிரதேசம். ஐம்பத்தாறில் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்த காலத்தில் பேச்சாக எழுந்து, எதிர்ப்பில் பேச்சாகவே அடங்கிப்போனது. இன்னொன்றில் திருவிதாங்கூர் தனி நாடாக நிற்கும். மற்றொன்றில் தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டிருக்கும். எல்லாம் டீச்சரே பள்ளி அட்லஸைப் பார்த்து பெரிய தாளில் கலர் பென்சிலால் வரைந்தவை.

சோபாவுக்கு மேலே, மின்விசிறிக் காற்றில் முனை ஆடிக்கொண்டிருப்பதுதான் அவருடைய சொந்தப் படைப்பு. தென் தமிழ்நாடு, தலைநகர் மதுரை. தமிழ்நாட்டை இரண்டாகப் பிரிக்கலாம் என்று அவ்வப்போது யாராவது சொல்வதும், இரண்டு நாள் தொலைக்காட்சியில் அடித்துக்கொண்டுவிட்டு மறந்துபோவதும் வழக்கம். டீச்சர் மறக்கவில்லை. வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு எதிரே சட்டமன்றம், செல்லூரில் ஜவுளித் துறையின் தலைமை அலுவலகம், ஆற்றுக்கு வடகரையில் செயலகம் என்று இடம்கூடக் குறித்து வைத்திருந்தார். நகரத்தில் ஒரு மிஷன் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தும் அவருக்கு ஆசிரியர் அறையில் ‘தலைநகர் டீச்சர்’ என்றே பெயர்.

“மாநிலம் வந்தா எனக்கு என்ன பதவி?” என்று கணவர் மரியராஜ் ஒருமுறை கேட்டார்.

“எதிர்க்கட்சி” என்றார் டீச்சர்.

அவருடைய வாதங்கள் எல்லாம் அப்படியே ஒப்புக்கொள்ளத்தக்கவை என்று சொல்ல முடியாது. சிறிய மாநிலம் என்றால் நல்ல நிர்வாகம் என்பார். அது எல்லா இடத்திலும் நிரூபணமான உண்மையில்லை. ஒரு கூட்டத்தை இரண்டாக்கினால் கூட்டத்தில் உள்ளவர்கள் மாறிவிடுவார்களா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் நேர்மையானவர். கோடு போடுகிறவன் தன் வீட்டைப் பார்த்துக்கொண்டு போடக்கூடாது என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிவந்தார். தாளிலேயே நின்றுபோன மாநிலங்கள் பலவற்றுக்கு அதுதான் நோய் என்பது அவருடைய கணிப்பு. எல்லோருக்கும் பிரிவினை வேண்டும், எல்லோருடைய ஊரும் தலைநகராக வேண்டும்.

இப்படி இருந்தவரிடம்தான் பங்குத்தந்தை ஒரு கோடு போடச் சொன்னார்.

பங்கு என்றால் கத்தோலிக்கர்களுக்கு ஒரு கோயிலுக்கும் ஒரு குருவுக்கும் உட்பட்ட குடும்பங்கள், அவை வாழும் பகுதி. டீச்சருடைய பங்கு பெருத்துவிட்டிருந்தது. புதுக் குடியிருப்புகள் வந்ததில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பாதிப் பேர் வெளியே வெயிலில் நின்றார்கள். ஆகவே பங்கை இரண்டாகப் பிரித்து, மேற்குப் பக்கத்தைப் புதிய பங்காக்குவதற்கு மேலிடத்தில் சம்மதம் கிடைத்தது. எல்லை எது என்று பங்கு மக்கள் கூடிப் பேசும் பங்குப் பேரவை சொல்ல வேண்டும். “டீச்சர், நீங்க மாநிலத்தையே பிரிக்கிறவங்க. இத நீங்களே வரைஞ்சிருங்க” என்று சிரித்தபடி பொறுப்பை ஒப்படைத்தார் பங்குத்தந்தை.

டீச்சருக்கு உள்ளூரப் பெருமை. அன்று சாயங்காலமே தாளை விரித்து உட்கார்ந்தார். எல்லை தேட வேண்டிய அவசியமே இல்லை. ஊருக்கு நடுவே வடக்கு தெற்காக ஒரு வாய்க்கால் ஓடுகிறது. தண்ணீர் வருகிற காலத்திலும் வராத காலத்திலும் எல்லோருக்கும் தெரிந்த வாய்க்கால். அதற்குக் கிழக்கே பழைய பங்கு, மேற்கே புதிய பங்கு. நீல பென்சிலால் இழுத்துக்கொண்டே வந்தவருடைய கை, பாதியில் நின்றது.

அவர் வீடு வாய்க்காலுக்கு மேற்கே இருந்தது. கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு வீடு தள்ளி.

மேற்கே போனால் பாடகர் குழு போய்விடும். அந்தந்தப் பங்குக் குழுவில் அந்தந்தப் பங்கினர்தான் பாடலாம் என்பது அங்கே விதி. பூசையும் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில்தான். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷத்திலிருந்து டீச்சர் அந்தக் குழுவில் பாடுகிறார். பக்கத்தில் கீபோர்டு வாசிக்கும் ஜாய்ஸ் அவருடைய உயிர்த் தோழி. வாரம் முழுக்கப் பிள்ளைகளிடம் தொண்டை வறளக் கத்தியவருக்கு, ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் அந்தத் தொண்டை வேறு ஒன்றுக்குப் பயன்பட்டது. அது போனால் என்ன மிஞ்சும் என்று அவர் யோசித்துப் பார்த்ததே இல்லை. இப்போது யோசித்தார். ரப்பரை எடுத்து ஓர் அங்குலம் அழித்தார். வாய்க்காலை விட்டு மேற்கே புறப்பட்டு, தன் தெருவைச் சுற்றிக்கொண்டு, மறுபடி வாய்க்காலில் வந்து சேருமாறு கோட்டை வளைத்தார்.

பார்ப்பதற்கு ஒரு முகத்திலிருந்து மூக்கு நீட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது.

மரியராஜ் காபி டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார். “மூக்கு கொஞ்சம் ஒங்க அம்மா சாடையா இருக்கே” என்றார்.

“அங்க தரை மேடு” என்று டீச்சர் சொன்னார். மரியராஜ் காபியை உறிஞ்சிக்கொண்டே உள்ளே போய்விட்டார். எதிர்க்கட்சியின் வெளிநடப்பு.

மறுநாள் காலை மரியராஜ் வாசலில் நின்று, மாடியில் குடியிருக்கும் தம்பி ஆன்றோவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். “ஆன்றோ, பங்கு பிரிக்கிறது முடிவாயிருச்சுடா. ஒங்க மதினிதான் அளந்து கோடு போடுறா.” மாடியிலிருந்து ஆன்றோ, நல்லதுதான், எப்பவோ செய்திருக்க வேண்டியது என்று பதில் சொன்னார்.

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ராமக்காள் குழாயைக் கீழே போட்டார். மேலக்கால் பக்கம் வயல் வைத்திருக்கும் குடும்பம் அவருடையது. அவர்கள் பேச்சில் பங்கு பிரிப்பது என்றால் ஒரே ஒரு பொருள்தான். அண்ணன் தம்பி சொத்தைப் பிரிப்பது. ஒரே வீட்டில் கீழும் மேலுமாக ஒற்றுமையாக இருக்கும் சகோதரர்கள். அதிலும் மூத்தவர் பெண்டாட்டியே அளந்து கோடு போடுகிறாராம். இம்புட்டு வருசம் பழகி இந்த டீச்சரை இப்படி நினைக்கவில்லையே என்று ராமக்காள் பகல் முழுக்க வெந்துபோனார். சாயங்காலம் தன் பெரியப்பா மகன் காளையை வரவழைத்தார். சொந்தத்தில் எங்கே பாகப்பிரிவினை என்றாலும் முதல் நாற்காலி காளைக்குத்தான். காளை வெள்ளை வேட்டி கட்டி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வர, இருவரும் டீச்சர் வீட்டில் உட்கார்ந்தார்கள்.

டீச்சர் அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்திருந்தார். பழத்தைப் பார்த்ததும் ஏதோ கல்யாண அழைப்பு என்று நினைத்தார்.

காளை தொண்டையைச் செருமினார். “தாயி, நீங்க படிச்சவுக. எங்களுக்கு ரெண்டு எழுத்துத் தெரியும். பங்கு பிரிக்கிறதுன்னு முடிவே பண்ணிட்டீகளா?”

“ஆமாண்ணே. இந்த மாசத்துக்குள்ள முடிக்கணும்னு ஃபாதர் சொல்லிட்டாரு.”

ஃபாதரே தலையிட்டுவிட்டாரா என்று காளை புருவத்தை உயர்த்தினார். வேதக்காரர் வீட்டில் முறை இப்படிப் போலும் என்று தனக்குள் சமாதானம் செய்துகொண்டு, கிழக்குப் பக்கம் யாருக்கு என்று விசாரித்தார்.

“கிழக்கே ஏற்கெனவே இருக்கிறவங்களுக்கு. கட்டடம் எல்லாம் அவங்களுக்குத்தான் போகும்.”

“அப்ப மேற்கே?”

“மேற்கே இருக்கிறவங்களுக்கு இப்போதைக்கு ஒண்ணுமில்லண்ணே. ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கலாம்னு பேச்சு.”

ராமக்காள் முந்தானையை வாயில் வைத்தார். “கட்டுன வீட்ட விட்டுட்டு தகரக் கொட்டகையிலயா டீச்சர் இருப்பீக?”

“ஒரு குடும்பமா, ரெண்டா? நூத்துச் சொச்சம் குடும்பம் இருக்கு ராமக்கா.”

காளை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எத்தனையோ பாகப்பிரிவினை பார்த்த மனிதர். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “தப்பா நினைக்காதீக. ஒங்க மாமனாருக்கு எம்புட்டு வாரிசு?”

உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த மரியராஜுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆன்றோவும் மாடியிலிருந்து இறங்கி வந்தார். விஷயம் விளங்கியபோது ராமக்காளுக்கு நிம்மதியும் வெட்கமும் ஒன்றாக வந்தன. காளைக்கு மட்டும் கொஞ்சம் ஏமாற்றம். கட்டிவந்த வேட்டிக்கு வேலையில்லாமல் போய்விட்டது. கொண்டுவந்த சீப்பிலிருந்து தானே ஒரு பழத்தை உரித்துக்கொண்டார்.

வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் டீச்சர் வரைபடத்தை எடுத்து விரித்தார். இது வாய்க்கால், இது கோயில், இது கிழக்கு, இது மேற்கு என்று வகுப்பில் காட்டுவது போலவே காட்டிக்கொண்டு வந்தார். விரல் மூக்குக்கு வந்ததும், அங்கே தரை மேடு, அதனால் கோடு வளைகிறது என்றார்.

ராமக்காள் குனிந்து பார்த்தார். “மேடா? இது நம்ம தெருவுல்ல?”

“ஆமா... நம்ம தெருதான்.”

“போன மழைக்கு முழங்கால் தண்ணி நின்னுச்சே டீச்சர். நீங்க நாற்காலி போட்டுத் தாண்டுனீக.”

அவர் குற்றம் சாட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்ற முறையில் நினைவுபடுத்தினார், அவ்வளவுதான். அடுத்து, அப்படியென்றால் நாங்களும் கிழக்கா என்று கேட்டார். நீங்கள் எதிலுமே இல்லை என்று டீச்சர் விளக்கியதும், அதில் கொஞ்சம் வருத்தப்பட்டது போலவே தெரிந்தது. அவர்கள் போன பிறகும் டீச்சர் அந்தத் தாளைச் சுருட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பொய்யை ஒருவரிடம் சொல்லும்போது அது வெறும் பொய்யாக இருக்கிறது. இரண்டாவது ஆளிடம் சொல்லும்போது கொள்கை ஆகிவிடுகிறது. பள்ளிக்குப் போகும் பேருந்தில், ஜன்னலோரம் உட்கார்ந்து இதைப் பற்றியே டீச்சர் யோசித்துக்கொண்டு போனார். வரலாற்றில் யாராரோ எந்தெந்த நதியையும் மலையையும் மொழியையும் காட்டிக் கோடு கேட்டார்கள் என்று பிள்ளைகளுக்கு அவர் நடத்தியிருக்கிறார். அவர்களில் எத்தனை பேர் உள்ளுக்குள் ஒரு தெருவை மட்டும் நினைத்துக் கேட்டார்களோ! பாட்டுக்காகக் கேட்டவர்கூட இருந்திருக்கலாம். அவர்களை எளிதாகப் பழித்துவிட்டோமே என்று தோன்றியது. அதற்காகத் தன்னை மன்னித்துவிடவும் மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் ரப்பரை எடுத்து மூக்கை அழித்தார். தாளில் அந்த இடம் மட்டும் கொஞ்சம் கறுத்துப்போயிற்று.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பேரவைக் கூட்டம். டீச்சர் வரைபடத்தை ஒட்டி, வாய்க்கால்தான் எல்லை என்று சுருக்கமாகச் சொல்லி உட்கார்ந்தார். யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஜாய்ஸுக்கு இருந்தது. கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார்.

“ஃபாதர், இதுல டீச்சர் வீடு அந்தப் பக்கம் போகுது. எங்க குழுவுல பாதிக் குரல் அவங்களோடதுதான். அந்த ஒரு தெருவ மட்டும் இந்தப் பக்கம் சேத்துக்கிட்டா யாருக்கு என்ன நட்டம்?”

கூட்டம் சிரித்தது. நல்ல சிரிப்பு. டீச்சருக்காக ஒரு வளைவு விடலாம், அதிலென்ன என்று நாலைந்து பேர் சொன்னார்கள். பங்குத்தந்தையும் தலையாட்டினார். தான் வெட்கப்பட்டு அழித்ததை ஊரே சேர்ந்து தூக்கிக் கொடுக்கிறது. டீச்சருக்குக் காது மடல் சூடானது. வேண்டாம் என்ற சொல் உடனே வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதற்குள் வாலிபர் சங்கத்து ஜினோ எழுந்துவிட்டான். டீச்சர் தெருவுக்கு வளைத்தால் அதற்கு அடுத்த தெருவுக்கும் வளைக்கலாம், அவன் அப்பாவுக்கு முட்டு வலி, பழைய கோயிலில்தான் சாய்வுப் பாதை இருக்கிறது என்றான். அவனுக்குப் பின்னால் ஒரு பெண், மகளுக்கு அந்தப் பீடத்தின் முன்தான் கல்யாணம் என்று நேர்ந்திருப்பதாகச் சொன்னாள். ஓய்வுபெற்ற ஒரு என்ஜினியர் தன் காருக்கு நிழல் பழைய கோயிலில்தான் என்றார். கிழக்கே இருந்தும் ஒருவர் எழுந்து, அப்படியானால் எங்கள் தெருவை மேற்கே தள்ளுங்கள், எங்களுக்குப் பழைய கோயில் மைக் சத்தம் ஆகவில்லை என்றார். எழுதிக்கொண்டே வந்த பங்குத்தந்தை பேனாவை வைத்துவிட்டார். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டால் எல்லைக்கோடு சீப்பு மாதிரிதான் இருக்கும்.

இத்தனை வருஷம் சுவரில் மாட்டி வைத்திருந்ததை டீச்சர் இப்போது உயிரோடு பார்த்தார். ஒருவரும் கெட்டவரில்லை. முட்டு வலி உண்மை, நேர்ச்சை உண்மை, வெயிலும் உண்மை. அதனால்தான் காரியம் நடப்பதில்லை.

அவர் எழுந்தார். “ஜாய்ஸ், உக்காரு. என் வீடு மேற்கே இருக்கு. நான் மேற்கே போறேன்.”

“ஒங்களுக்குப் பாட்டு வேண்டாமா?” என்றார் ஜாய்ஸ், உட்காராமலே.

“வேணும். அதான் மொதல்ல நானே இங்கன எடுத்து வளைச்சேன். அந்தக் கறுப்பு இன்னும் போகல, பாருங்க.”

எல்லோரும் படத்தின் அந்த மங்கிய இடத்தைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஜினோ தலையைச் சொறிந்துகொண்டே உட்கார்ந்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். கோடு வாய்க்காலோடு நின்றது. ஜாய்ஸ் இரண்டு வாரம் டீச்சரோடு பேசவில்லை.

புதிய பங்கின் முதல் பூசை தகரக் கொட்டகையில்கூட இல்லை. ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் நடந்தது. முந்தைய நாள் விருந்தின் சாம்பார் மணம் இன்னும் சுவரில் இருந்தது. நூற்றுச் சொச்சம் குடும்பங்களில் மேடையேறிப் பாடத் தெரிந்தவர் டீச்சர் ஒருவர்தான். பூசையின் தொடக்கத்தில் பாடும் வருகைப் பாடலை எடுத்தார். முதல் வரியிலேயே அவருக்கு ஏதோ உதைத்தது. இரண்டாவது வரியில் என்னவென்று புரிந்தது.

அவர் வாழ்நாள் முழுக்கப் பாடியது இரண்டாம் குரல். மெட்டை ஜாய்ஸும் மற்றவர்களும் மேலே கொண்டுபோக, அதற்கு அடியில் இழைந்து வரும் குரல்தான் அவருடையது. தனியாகக் கேட்டால் அது வேறொரு பாட்டு. மெட்டு அவர் காதில் இருந்தது, தொண்டையில் இல்லை. நடுவில் நிறுத்த முடியாது. நிறுத்தவில்லை. ஜனங்களும் அவரை நம்பி அப்படியே பிடித்துக்கொண்டார்கள். பாடல் தாழ்வாகவும் கொஞ்சம் சோகமாகவும் இருக்கிறதே என்று சிலருக்குத் தோன்றியது. புதிய பங்கு, புதிய மெட்டு போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து மரியராஜ் மட்டும், “இன்னைக்கு ஆளுங்கட்சி ரொம்ப அடக்கி வாசிச்சுச்சு” என்றார்.

திருத்திவிடலாம் என்றுதான் டீச்சர் நினைத்தார். ஆனால் மெட்டைப் பாடப் போனால் குரல் தானாகவே கீழே வழுக்கியது. வாரங்கள் போயின. சிறு பிள்ளைகள் அதைத் தெருவில் பாடிக்கொண்டு திரிந்தார்கள். ராமக்காள்கூடச் செடிக்குத் தண்ணீர் விடும்போது அந்த இரண்டாம் குரலை முணுமுணுக்கத் தொடங்கினார். மேற்கே முழுக்க அதுதான் பாட்டு என்று ஆகிவிட்டது.

ஆகஸ்டில் மாதா திருவிழா வந்தது. அந்த ஒரு பூசைக்கு மட்டும் இரண்டு பங்கும் பழைய கோயிலில் கூடுவது என்று முடிவாயிற்று. மேற்குக்காரர்கள் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி வரிசையாக வந்தார்கள். டீச்சர் வரிசையில் கடைசியாக வந்தார். தன் ஜனங்கள் அத்தனை பேரும் ஊர் முன்னால் தப்பாகப் பாடப் போகிறார்கள், அதற்குக் காரணம் தான் என்று அவருக்குத் தெரியும். பாடகர் மேடையில் அவருக்கு இடமில்லை. கூட்டத்தோடு பெஞ்சில் உட்கார்ந்தார். ஜாய்ஸ் கீபோர்டில் கை வைத்து, திரும்பிப் பார்த்து, அதே வருகைப் பாடலை ஆரம்பித்தார்.

கிழக்குப் பக்கம் மெட்டைப் பாடியது. மேற்குப் பக்கம், தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில், அதற்கு அடியில் பாடியது. பாடகர் குழுவில் ஒற்றைக் குரலாக இருந்தது இப்போது நூற்றுக்கணக்கான குரல். இரண்டும் பொருந்தின. முழுக்கச் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது சரணத்தில் மேற்கு கொஞ்சம் முந்திக்கொண்டது, முன் வரிசைப் பெரியவர் ஒருவர் இரண்டுக்கும் நடுவே தனக்கென்று ஒரு சுருதி வைத்துக்கொண்டார். ஜாய்ஸ் வாசித்தபடியே கூட்டத்துக்குள் டீச்சரைத் தேடிக் கண்டுபிடித்து, இது என்ன வேலை என்று கண்ணால் கேட்டார்.

டீச்சர் உதட்டைப் பிதுக்கினார். பிறகு, எங்கே சேர்ந்துகொள்வது என்று யோசிக்காமலே, கீழ்க்குரலில் போய் உட்கார்ந்துகொண்டார்.